காவலும் உடைமையும்: முன்னோர் இல்லம் யாருக்கு உரியது?

மனிதன் தேடும் பொருள்களுள் இல்லத்தைப் போல் அவனோடு ஒட்டி நிற்பது வேறொன்றில்லை. பிறப்பும் மணமும் இறப்பும் அதன் கூரையின் கீழே நிகழ்கின்றன. அவன் மறைந்த பின்னும் அது நிற்கிறது. அவ்வாறு நிற்கும் இல்லம் அதன் பின் யாருக்கு உரியது? பத்திரத்தில் பெயர் பெற்றவர்க்கா? அங்கு வாழ்ந்து மறைந்தோர்க்கா? ஊராருக்கா? இனிப் பிறக்கவிருப்போர்க்கா? கேட்பதற்கு எளிய வினா இது. விடை காணப் புகுந்தால் தர்மத்தின் நடுவிடத்திற்கே அழைத்துச் சென்றுவிடும்.

சேது நாட்டுக் கரையில் இவ்வினாவுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. இராமநாதபுரத்திற்கு வடக்கே தேவிபட்டினத்தைக் கடந்து, தொண்டி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்திருக்கிறது திருப்பாலைக்குடி. அதன் தெற்கே தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணமும் கடலடைத்த பெருமாள் சந்நிதியும் உள்ளன. வடக்கே உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். இன்னும் தெற்கே சென்றால் திருப்புல்லாணியும் சேதுக்கரையும். இக்கரையில் ஊருக்கு ஊர் ஸ்ரீராமகாதையோடு ஒட்டிய ஒரு நினைவு உண்டு. ஆயினும் கட்டியதைக் காப்பது இங்கே கடினம். உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது, சுவரை உதிர்க்கிறது, ஓலையைக் கருக்குகிறது. நினைவு நிலைத்த கரையில் பொருள்கள் நிலைப்பதில்லை.

இக்கரையோர ஊர் ஒன்றில் பழைய காரைவீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கடல் வாணிகத்தில் பொருள் ஈட்டிய ஒருவர் நான்கு தலைமுறைக்கு முன் கட்டியது. பர்மாத் தேக்கில் தூண்கள். பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர்கள். வழிப்போக்கர் படுத்துறங்கிய அகன்ற திண்ணை. இன்று உரிமையாளர் எழுவர். ஒருவர் வெளிநாட்டில், மூவர் சென்னையில், இருவர் மதுரையில். ஊரிலேயே தங்கிவிட்டவர் கணவனை இழந்த மூத்த சகோதரி ஒருவர் மட்டும். மழைக்காலத்தில் முற்றத்து அறை ஒழுகுகிறது. விற்றால் அவருக்கு மருத்துவச் செலவுக்கு ஆகும். ஊரிலுள்ள வரலாற்று ஆர்வலர் சிலர் வந்து, “இது ஊரின் சின்னம், இடிக்கலாகாது” என்கிறார்கள். அந்த அம்மையாரோ, “ஒழுகும் கூரையை எந்தச் சின்னம் மாற்றித் தரும்?” என்று கேட்கிறார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வந்தவர்கள் வேண்டுகோளிலும் நியாயம் இருக்கிறது. இரு நியாயங்கள் எதிர்ப்படும் இடத்தில்தான் தர்ம விசாரம் தொடங்குகிறது.

முதல் ஆட்சேபம்: பற்று அன்றோ?

பழைய வீட்டைப் போற்றுவதை வேதாந்த நோக்கில் மறுப்போர் உண்டு. ‘நான்’ என்பதும் ‘எனது’ என்பதும் ஒழியவேண்டும் என்று ஆசார்யர்கள் உபதேசிக்கிறார்கள். உடலே நிலையற்றது என்றால் செங்கல்லும் மரமும் எம்மாத்திரம்? முன்னோரின் நற்குணத்தைக் கைக்கொண்டால் போதாதா? அவர்கள் இருந்த திண்ணையையும் கைக்கொள்ள வேண்டுமா? இதுவே பூர்வபக்ஷம்.

இதற்கு வலுவூட்டும் நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. மகாமகோபாத்யாய உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று, பிறர் வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்தார். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அவை அச்சேறின. சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ என்னும் இல்லம் 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மரபுடைமை ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். பூர்வபக்ஷி கூறுவார்: “வீடு போயிற்று, நூல்கள் நிற்கின்றன. ஆகவே இழந்தது என்ன?”

இதற்கு ஸ்ரீவைஷ்ணவ மரபிலேயே விடை இருக்கிறது. எம்பெருமான் பரமபதத்தில் எழுந்தருளியிருந்தும், எளியோர்க்கு எட்டும்படி கல்லிலும் செம்பிலும் மரத்திலும் அர்ச்சையாய் எழுந்தருள்கிறான் என்பது இம்மரபின் உயிர்நிலையான கொள்கை. திவ்யதேசங்களை ‘உகந்தருளின நிலங்கள்’ என்று பெரியோர் வழங்கினர். இடமும் பொருளும் இழிந்தவை என்று இம்மரபு ஒருபோதும் கூறவில்லை. ‘இது எனக்கே’ என்று பிடித்துக்கொள்ளும் அபிமானத்தையே அது விலக்கச் சொல்லிற்று. வீட்டைப் போற்றுவது வேறு, வீட்டுக்கு அடிமையாவது வேறு.

மேலும், நூல் சொல்லாத சிலவற்றை இல்லம் சொல்லும். கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதனை வாங்கிப் புதுப்பித்து 2003இல் நினைவில்லமாக்கியது. அவருடைய தேற்றங்களைக் கற்க அங்கே போகவேண்டுவதில்லை. அவை புத்தகங்களில் உள்ளன. ஆனால் அந்தச் சிறிய ஓட்டு வீட்டின் வாயிலைக் கடந்து உள்ளே போகும் ஏழைச் சிறுவன் ஒருவன், “இத்தனை சிறிய வீட்டிலிருந்தா?” என்று வியக்கிறான். அந்த வியப்பு அவன் உள்ளத்தில் விதைப்பதை எந்தப் புத்தகமும் அதே முறையில் விதைக்க இயலாது. சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவில்லம் இருக்கிறது, நூல்களும் இருக்கின்றன. திருவல்லிக்கேணி இல்லத்தோடு போனவை அவர் அமர்ந்து திருத்திய இடமும், அந்த இடத்தைக் கண்டு ஒரு மாணவன் பெறக்கூடிய ஊக்கமும். அவ்விழப்புக்கு ஈடு கிடையாது.

இரண்டாம் ஆட்சேபம்: உரியவனுக்கு உரிமை இல்லையா?

இரண்டாம் ஆட்சேபம் முன்னதினும் வலியது. பிறர் வீட்டைக் காக்கவேண்டும் என்று ஊரார் சொல்வது எளிது. செலவு செய்பவர் யார்? ஒழுகும் கூரையின் கீழ் உறங்குபவர் யார்? தன் கையில் ஒரு காசும் எடுக்காமல், வறியவர் ஒருவரின் ஒரே உடைமையை விற்கலாகாது என்று தடுப்பது தர்மமாகுமா?

ஆகாது. அதைத் தயங்காமல் சொல்லவேண்டும். பிறர் முதுகில் சுமையை ஏற்றிவிட்டுத் தான் புண்ணியம் கொள்வது கைங்கர்யம் அன்று. காக்க விரும்புவோர் சுமையில் பங்கு கொள்ளவேண்டும் என்பதே இதற்குரிய நெறி.

உலகில் நன்கு நடந்த முயற்சிகள் யாவும் இந்நெறியையே காட்டுகின்றன. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகை சிதைந்துகொண்டிருந்தபோது, ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்னும் பெண்மணி 1853இல் மாதர் சங்கம் ஒன்றை நிறுவினார். வீட்டுக்காரரை அச்சங்கத்தார் பழிக்கவில்லை. ஊர் ஊராகப் பொருள் திரட்டி, 1858இல் இரண்டு லட்சம் டாலர் விலை பேசி மாளிகையைப் பெற்றார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலுக்கு அணித்தே மகாகவி பாரதியார் இறுதிக் காலத்தில் குடியிருந்த வீட்டை 1993இல் அரசு கையகப்படுத்திப் பாரதியார் இல்லமாக்கியது. கும்பகோணத்திலும் விலை கொடுத்தே வாங்கப்பட்டது.

இத்தனை பொருள் திரட்ட இயலாத சிற்றூரில் என்ன செய்வது? அங்கும் வழி இருக்கிறது. காரைச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டு பூசுவது இன்று வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துவைத்துச் சுவரை மேலும் உதிரச் செய்யும். கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் பனங்கருப்பட்டிக் கரைசலும் சேர்த்து அரைக்கும் பழைய முறையை அறிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து, ஊரார் கூடி அந்த அம்மையாரின் கூரையை மாற்றித் தந்தால், அவருக்கு நல்ல உறைவிடமும் ஊருக்கு அதன் சின்னமும் ஒருங்கே காப்பாற்றப்படும். குடிமராமத்து என்று கண்மாய்களுக்கு முன்னோர் செய்தது இதுதான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று புகழ்பெற்ற இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் தலைமுறை தலைமுறையாக நின்றதற்குக் கரையில் மண் சுமந்த குடிகளின் கைகளும் காரணம். கண்மாய்க்குச் செய்ததை இல்லத்துக்கும் செய்யலாம்.

அதுவும் இயலாத நிலையில் வீடு விற்கப்பட்டே ஆகவேண்டுமென்றால், உரியவர்மீது பழி சுமத்தலாகாது. இடிக்குமுன் அளந்து வரைபடம் எழுதி, நிழற்படம் எடுத்து, பத்திரங்களையும் கணக்கேடுகளையும் படியெடுத்து, அங்கு வாழ்ந்த முதியோரிடம் செய்திகளைக் கேட்டுப் பதிந்துவைப்பது வரலாற்றுக் கழகத்தாரின் கடன். காலம் தவறி வந்து கண்ணீர் வடிப்பதைவிட, காலத்தில் வந்து ஒரு குறிப்பேடு எழுதுவது மேல்.

இதற்கும் சம்பிரதாயத்தில் முன்மாதிரி உண்டு. 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசாரியர் முதுமையிலும் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கிச் சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகை ஏட்டையும், அதன் ஆசிரியர் சுதர்சன சூரியின் இளம் புதல்வர்களையும் காத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. நம்பெருமாள் 1371இல்தான் திருவரங்கம் திரும்பினார். அப்பெரியோர் கோபுரங்களைச் சுமந்து செல்லவில்லை, சுமக்கவும் இயலாது. எல்லாவற்றையும் காக்க முடியாத காலத்தில் எதை முதலில் காப்பது என்ற விவேகத்தை அவர்கள் காட்டினார்கள். குழந்தைகளைக் கைவிட்டு ஏட்டை மட்டும் எடுத்துவந்ததாக வரலாறு இல்லை. மனிதரை மறந்த மரபுக் காவல் மரபுக்கே மாறானது.

மூன்றாம் ஆட்சேபம்: மாளிகைக்கு மட்டுமா வரலாறு?

மூன்றாவது ஆட்சேபத்தை எழுப்புவோர் எளிய மக்கள். காக்கப்படுவன எல்லாம் அரசர் மாளிகையும் செல்வர் மனையுமாகவே இருக்கின்றன. ஓலைக் குடிசையில் வாழ்ந்து கடலில் உயிர்விட்டவனுக்கு எந்த நினைவில்லம் உண்டு என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இராமநாதபுரத்திலே இராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்களால் சுவரெல்லாம் அணிபெற்றது. இராமாயணக் காட்சிகளும் கண்ணபிரான் லீலைகளும் ஒருபுறம். சேதுபதியின் கொலுவும், மராட்டியரோடு நிகழ்ந்த போரும், ஐரோப்பியத் தூதுவரை வரவேற்கும் காட்சியும் மற்றொருபுறம். இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் காப்பில் அது அருங்காட்சியகமாய் விளங்குகிறது. இம்மாளிகை எழுவதற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பது இந்நாட்டில் வழிவழியாக வழங்கும் செய்தி. அங்கே கல் சுமந்தவர் பெயரும், வண்ணம் குழைத்தவர் பெயரும் பார்ப்போர்க்குத் தெரிவதில்லை. அரசரின் இல்லம் என்று பெயர் பெற்றதுகூட அரசர் ஒருவரின் ஆக்கம் அன்று. ஆகவே அதைக் காப்பது ஒரு குலத்தின் புகழைக் காப்பதோடு நின்றுவிடுவதில்லை. பெயரற்ற பல்லாயிரம் கைகளின் வேலையைக் காப்பதும் ஆகும். ஆனால் பார்க்க வருவோர்க்கு அதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபம் நிற்கும்.

மவுண்ட் வெர்னானிலும் இக்குறை இருந்தது. மாளிகையைக் கண்போல் காத்தார்கள். ஆனால் அத்தோட்டத்தில் அடிமைகளாய் உழைத்து அங்கேயே புதைக்கப்பட்டோரின் நினைவுக்கு ஒரு கல் நாட்டப்பட்டது 1929இல்தான். அதனினும் தக்கதொரு நினைவுச் சின்னம் 1983இல் எழுந்தது. அரை உண்மையைக் காப்பவன் மறு பாதியை அழிக்கிறான். முன்னோரின் பெருமையைச் சொல்லும் நாவே அவர்களின் பிழையையும் சொல்லும் துணிவு பெறவேண்டும். இல்லையேல் வரலாற்றுக் கழகம் முகஸ்துதிக் கழகமாய் முடியும்.

இனி, கட்டடமே இல்லாதவன் கதை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் நிலையமும் தேவாலயமும் இடிந்த சுவர்களாய் மிஞ்சின. மீனவர் குடிசைகள் நின்ற இடத்தில் மணலே மிஞ்சிற்று. கல்லால் கட்டியவனுக்கு இடிபாடாவது உண்டு. ஓலையால் கட்டியவனுக்கு அதுவும் இல்லை. அவனுக்கு வரலாறே இல்லையென்று சொல்லிவிடலாமா?

திருப்பாலைக்குடி போன்ற கரையில் கடலோடிகளின் பூர்வீகச் சொத்து அவர்கள் அறிவிலும் நாவிலும் இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அது திரும்பும் நாளை உடலால் அறிந்து வத்தை செலுத்திய அறிவு; கரைவலை இழுக்கும்போது பலர் கை ஒன்றாய் இயங்கப் பாடும் அம்பாப் பாட்டு. ஒரு முதியவர் மறையும்போது இவற்றில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது. இதைப் பதிந்துவைப்பதும் இல்லத்தைக் காப்பதே. அவர்களுக்கு இல்லம் என்பது கடலும் கரையும்.

திருப்புல்லாணியின் தத்துவம் இங்கே நினைக்கத்தக்கது. ஆதிஜகந்நாதப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திவ்யதேசத்தில், ஸ்ரீராமபிரான் தர்ப்பசயனனாய்ச் சேவை சாதிக்கிறான். அயோத்தியின் மாடமாளிகையை விட்டுவந்தவன் கடலரசனை வேண்டித் தர்ப்பைப் புல்லின்மேல் கிடந்த இடம் அது. புல்லினும் எளிய படுக்கை ஏது? புல் அன்றே உலர்ந்திருக்கும். ஆனால் அப்புற்படுக்கையை இன்றளவும் ஊர் மறக்கவில்லை. ஒன்று நினைக்கத்தக்கதா என்பதை அது எதனால் ஆக்கப்பட்டது என்று பார்த்து முடிவு செய்யலாகாது. அங்கே என்ன நிகழ்ந்தது என்பதைக் கொண்டே முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சித்தாந்தம்: பாதுகையின் பாடம்

மூன்று ஆட்சேபங்களையும் கடந்து, முதலில் எழுந்த வினாவுக்கு வரலாம். முன்னோர் இல்லம் யாருக்கு உரியது?

விடை பரதாழ்வானிடம் இருக்கிறது. கைகேயி பெற்ற வரத்தால் அரசு அவனுக்கு உரியதாயிற்று. உலக வழக்கில் பத்திரம் அவன் பெயரில் இருந்தது. அவன் அதைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. தனதன்று என்று கைவிட்டு ஓடவுமில்லை. பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து, நந்திக்கிராமத்தில் இருந்தபடி பதினான்கு ஆண்டுகள் ஆண்டான். வேதாந்த தேசிகர் அப்பாதுகையின்மேல் 1008 சுலோகங்களால் பாதுகா ஸகஸ்ரம் அருளினார். பரதன் காட்டிய வழி மூன்றாவது வழி. ஆள்பவன் கையில் இருந்தும் அவனுடையது அன்று. அவனுடையது அன்று என்றாலும் அதற்குப் பொறுப்பு அவனே. வரவேண்டியவர் வரும்வரை வளம் குன்றாமல் வைத்திருந்து ஒப்படைப்பதே அவன் கடன்.

சேஷத்துவம் என்று சம்பிரதாயம் வழங்குவதன் உலகியல் வடிவம் இது. ஸ்வாமியின் ஸ்வத்தை அவனுக்காகப் பேணுபவனே அடியவன். இந்நாட்டு மன்னர்க்கும் ‘சேது காவலர்’ என்றே புகழ்ப்பெயர் வழங்கிற்று. முன்னோர் இல்லத்தில் வாழ்பவர் காவலர். அவருக்குத் தோள் கொடுப்போர் துணைக் காவலர். இனிப் பிறக்கப்போகும் குழந்தையே வரவேண்டியவர். வள்ளுவர் இல்லறத்தானுக்கு விதித்த ஐந்து கடன்களுள் தென்புலத்தாரை முதலில் வைத்தார். எள்ளும் நீரும் இறைப்பதோடு அக்கடன் முடிவதில்லை. அவர்கள் விட்டுச்சென்றதை, அடுத்து வருபவர் கையில் சேர்ப்பதும் அதன் பகுதி.

இப்பொறுப்பைப் பெரியோரே ஏற்கவேண்டும் என்பதில்லை. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்ற பெயரால் மாணவர் கூடி, கல்வெட்டு எழுத்துகளை வாசிக்கவும் படியெடுக்கவும் பயின்றனர். ஊர்ப்புறங்களில் சிதறிக் கிடந்த பானையோடுகளையும் சிற்பங்களையும் அடையாளம் கண்டனர். பணமோ பதவியோ இல்லாத சிறுவர் செய்த காவல் இது. மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்துக்குச் சேதுபதி மன்னரின் ஆதரவு இருந்தது. ஆதரிக்க மன்னர் இல்லாத காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணும் கருத்தும் போதும் என்பதை இம்மன்றம் காட்டிற்று.

திருக்கோயில்களும் இதற்கு விலக்கல்ல. திருப்பணி என்ற பெயரால் பழைய கற்சுவரில் மணலை வேகமாக வீசித் தூய்மை செய்தபோது, எழுத்துகள் தேய்ந்து மறைந்த கோயில்கள் தமிழகத்தில் உண்டு. விளக்குக்கு நெய்யும் நந்தவனத்துக்கு நிலமும் விட்ட ஒருவரின் பெயர் பல நூற்றாண்டுகளாக அக்கல்லில் இருந்தது. அவர் செய்த கைங்கர்யத்தை நன்மை கருதியே அழித்துவிட்டனர். பக்தி மட்டும் போதாது. அறிந்து செய்யும் பக்தி வேண்டும். திருவரங்கத்தின் ‘கோயிலொழுகு’ போல ஒவ்வொரு சந்நிதியிலும் ஓர் ஏடு இருந்து, எந்தக் கல் எங்கே இருந்தது, எப்போது யார் அதை மாற்றினார் என்று எழுதிவைத்தால் பின்வருவோர் வாழ்த்துவர்.

காரைவீட்டு அம்மையாரின் வினா இன்னும் எஞ்சி நிற்கிறது: ஒழுகும் கூரையை எந்தச் சின்னம் மாற்றித் தரும்? சின்னம் மாற்றித் தராது. சின்னத்தை விரும்புவோர்தாம் மாற்றித் தரவேண்டும். அவர்கள் கையில் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தால் அந்த வீடு ஊருடையதாகும். வெறும் சொல்லோடு வந்தால் அது விற்பவருடையது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காவலில் பங்கு கொள்பவனுக்கே உடைமையிலும் பங்கு. திருவிழாக் காலத்தில் தேர்வடத்துக்கும் இதுவே நியாயம்: வடத்தில் கை வைத்தவர் அனைவர்க்கும் தேர் சொந்தம், ஆயினும் அதன்மேல் எழுந்தருளியிருப்பவன் ஒருவனே.

சுபம்.